ரைட்டர், எழுத்தர், காப்பிஸ்ட், ஸ்க்ரைப்: எல்லாம் ஒரே ஆளா?

"ஸ்டேஷன் ரைட்டர் லஞ்சம் வாங்கி கைது"ன்னு ஒரு செய்தி வரும். அடுத்த நாளே ஹைகோர்ட் ஆள் எடுப்பு அறிவிப்புல காப்பிஸ்ட், ரீடர், எக்ஸாமினர்னு வரிசையா பதவிங்க இருக்கும். பரீட்சை சீசன்ல "ஸ்க்ரைப் கிடைக்காம மாணவர் தவிப்பு"ன்னு வரும். இங்கிலீஷ் பேப்பர்ல அதே ஸ்க்ரைப்ங்கற வார்த்தையை பத்திரிகை நிருபருக்கு போட்டிருப்பான். அகராதியைத் திறந்தா எழுத்தர், எழுத்தாளர், எழுதுநர், லேககன், லிபிகாரன், கணக்கன், கரணன், குமாஸ்தான்னு எல்லாத்தையும் ஒரே வரியில நிக்க வச்சிருக்கும். படிக்கறவனுக்கு எல்லாமே ஒரே பொருள்தான்னு தோணும். ஆனா அப்படி இல்ல, இந்த வார்த்தைங்களை மாத்தி மாத்தி போட்டா சில இடத்துல உயிலே செல்லாம போயிடும், அது எப்படின்னு கீழ வரும்.

முதல்ல அடிப்படை: எழுதறதுல ரெண்டு வேலை இருக்கு

"எழுதினான்"னு சொல்றப்ப நாம ரெண்டு வேலையை ஒண்ணா சேர்த்து சொல்றோம். ஒண்ணு வாசகத்தை யோசிச்சு உருவாக்கறது, இன்னொண்ணு அந்த வாசகத்தை ஓலையிலயோ பேப்பர்லயோ கல்லுலயோ கம்ப்யூட்டர்லயோ பதிக்கறது. நாவல் எழுதறவர் ரெண்டையும் தானே செய்றதால நமக்கு இது ரெண்டு வேலைன்னே தோணறதில்ல. ஆனா ராஜாவோட உத்தரவு, கோர்ட் தீர்ப்பு, நிலப் பத்திரம், போலீஸ் புகார் இதுல எல்லாம் வாசகம் ஒருத்தரோடது, கை இன்னொருத்தரோடது. எழுத்து வேலைக்குன்னு உலகத்துல இருக்கற பேருங்கள்ல பெரும்பாலானது இந்த ரெண்டாவது ஆளுக்கு வச்ச பேருதான்.

அதனால எந்த பேரு வந்தாலும் மூணு கேள்வி கேட்டா போதும்:

1. எழுதப்படற வார்த்தை யாரோடது?
2. எழுதறவர் யாருக்காக எழுதறார்?
3. தப்பா எழுதிட்டா யார் பொறுப்பு?

மூணாவதுதான் முக்கியம். இந்த பேருங்களுக்குள்ள இருக்கற வித்தியாசம் முக்கால்வாசி அங்கதான் இருக்கு.

அசோகர் காலத்துலயே ஆரம்பிச்ச பஞ்சாயத்து

தப்புக்கு யார் பொறுப்புங்கற சண்டை கி.மு. 3-ம் நூற்றாண்டுலயே கல்வெட்டுல ஏறியாச்சு. அசோகரோட 14-வது பெரிய பாறைக் கல்வெட்டுல, தன்னோட வாசகம் சில இடத்துல சுருக்கமாவும் சில இடத்துல விரிவாவும் இருக்கும், எங்கயாவது முழுசா இல்லாம இருந்தா அதுக்கு லிபிகாரன் செஞ்ச தப்பும் ஒரு காரணமா இருக்கலாம்னு அவரே சொல்லிடறார். பேரரசர் கல்லுலயே பழியை கிளார்க் மேல எழுதி வச்சிட்டார், இந்த வழக்கத்துக்கு வயசு ரெண்டாயிரத்து இருநூறுக்கு மேல!

லிபிகாரன்னா லிபியை செய்றவன். வாசகம் அசோகரோடது, அதை வெட்டறதுக்கு எழுதிக் கொடுக்கறது அவனோட வேலை. இதுல ஒருத்தன் பேரு நமக்கு கிடைச்சிருக்கு. கர்நாடகாவுல பிரம்மகிரியில இருக்கற சிறு பாறைக் கல்வெட்டோட முடிவுல சபடன்னு ஒரு ஆள் "இதை எழுதினது நான்"ங்கற மாதிரி பதிச்சிருக்கான். வாசகம் முழுக்க பிராமியில இருக்க, "லிபிகாரன்"ங்கற அந்த ஒரு வார்த்தையை மட்டும் கரோஷ்டியில எழுதியிருக்கான், கரோஷ்டி அப்ப புழங்கினது வடமேற்கு மூலையில, இன்னைக்கு பாகிஸ்தான் இருக்கற பக்கம், வலமிருந்து இடமா போற எழுத்து அது. அந்த பக்கத்து பழக்கம் உள்ள கை ஒண்ணு தெற்க வந்து வேலை பார்த்திருக்குன்னு இதை வச்சுதான் சொல்றாங்க.

லேககன்ங்கற சம்ஸ்கிருத வார்த்தை வேற மாதிரி. அது எழுத்தாளருக்கும் பொருந்தும், பிரதி எடுக்கறவருக்கும் பொருந்தும், இடத்தைப் பார்த்துதான் புரிஞ்சுக்கணும். இந்தியில இன்னைக்கு லேகக்னா புத்தகம் எழுதறவர்தான்.

தமிழ்ல "எழுத்தாளன்" முதல்ல யாரு?

சங்கப் புலவர்கள் பட்டியல்ல மதுரை எழுத்தாளன் சேந்தன் பூதனார்னு ஒருத்தர் இருக்கார், குறுந்தொகையில இவர் பாட்டு இருக்கு. இந்த எழுத்தாளனை இன்னைக்கு அர்த்தத்துல எடுத்துக்கிட்டா ஒரு சிக்கல் வருது. பட்டியல்ல இருக்கற எல்லாருமே பாட்டு கட்டினவங்கதானே, அப்புறம் ஏன் இவருக்கு மட்டும் எழுத்தாளன்னு தனியா ஒரு அடைமொழி? பக்கத்துல இருக்கற மத்த பேருங்களைப் பாருங்க: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரை கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார். துணி வியாபாரி, தானிய வியாபாரி, வைத்தியர். எல்லாம் பிழைப்புக்கு செஞ்ச தொழில். அந்த வரிசையில எழுத்தாளனும் தொழில் பேருதான்னு எடுத்துக்கறதுதான் சரியா வருது. அவர் பாட்டு கட்டினதுக்கு பேரு புலவர், எழுத்தாளன்ங்கறது ஓலையில எழுதிக் கொடுத்து சம்பாதிச்ச வேலை.

சிலப்பதிகாரத்துல கண்ணெழுத்தாளர்னு வருது, வேந்தனோட முத்திரை வச்ச முடங்கலை மத்த மன்னர்களுக்கு அனுப்பற இடத்துல. முடங்கல்னா சுருட்டின ஓலைக் கடிதம். அங்கயும் ராஜாவுக்கு எழுதிக் கொடுக்கற ஆளுதான். ஆக இன்னைக்கு எழுத்தாளர்னா கதை கட்டுரை எழுதறவர், எழுத்தர்னா ஆபீஸ்ல ஃபைல் எழுதறவர்னு நாம பிரிச்சு வச்சிருக்கறது பிற்காலத்து ஏற்பாடு. பழசைப் படிக்கறப்ப இன்னைக்கு அர்த்தத்தை தூக்கிட்டு போயி அங்க பொருத்தக் கூடாது.

கணக்கு விஷயமும் இப்படித்தான். பழந்தமிழ்ல கணக்குன்னா எண் மட்டும் கிடையாது, நூலுக்கும் அதுதான் பேரு. பதினெண்கீழ்க்கணக்குல என்ன கூட்டல் கழித்தலா இருக்கு? கணக்காயர்னா பாடம் சொல்லிக் கொடுக்கற ஆசிரியர். எழுத்தும் எண்ணும் ஒரே ஆளோட கையில இருந்த காலத்து மிச்சம் இதெல்லாம், அதனாலதான் பின்னாடி வந்த கணக்கர், கணக்குப்பிள்ளை எல்லாருமே வரவு செலவும் பார்த்தாங்க, கடுதாசியும் எழுதினாங்க.

சோழர் ஆபீஸ்ல ஒரு உத்தரவு எத்தனை கை மாறும்?

இதை கொஞ்சம் விரிவா பார்க்கணும், ஏன்னா இன்னைக்கு செக்ரடேரியட்ல ஃபைல் நகர்ற கதையே அங்க ஆரம்பிக்குது.

சோழ ராஜா ஒரு ஊரை கோயிலுக்கோ பள்ளிக்கோ (ஸ்கூல் இல்ல, பௌத்த, சமணப் பள்ளி) கொடுக்கறார்னா அவர் எழுதமாட்டார், வாயால சொல்வார். "திருவாய் மொழிந்தருளினார்"னு கல்வெட்டுல வர்றது அதுதான். அதுக்கப்புறம்:

1. பக்கத்துல இருக்கற அதிகாரி அதைக் கேட்டு ஓலையில எழுதிக்குவார். இவருக்கு திருமந்திர ஓலைன்னு பேரு. ஓலைங்கறது பொருளோட பேரா இருந்து ஆளோட பேராவே ஆயிடுச்சு.
2. அவருக்கு மேல இருக்கறவர் திருமந்திர ஓலை நாயகம். எழுதினது சரிதான்னு ஒப்புக்கொண்டு இவர் கையெழுத்து விழணும்.
3. அப்புறம் வரித் துறைக்கு போகும், புரவுவரித் திணைக்களம்னு பேரு. அங்க வரிப்பொத்தகத்துல பதிவு ஆகும். இந்த வரிசையில எழுதறதுக்கு ஒருத்தர், சரி பார்க்கறதுக்கு ஒருத்தர், பதிவுல ஏத்தறதுக்கு ஒருத்தர்னு தனித்தனி ஆளுங்க.
4. உத்தரவு ஊருக்கு போனதும் அங்க இருக்கறவங்க வாங்கி, எல்லை நடந்து, செப்பேட்டுலயோ கல்லுலயோ வெட்டிக்குவாங்க.

முடிவுல ஒவ்வொருத்தரும் போடற வாசகம் "இவை இன்னார் எழுத்து". இங்க எழுத்துன்னா கையெழுத்து. எழுதினேன்ங்கறதும் பொறுப்பு ஏத்துக்கிட்டேன்ங்கறதும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. எழுதத் தெரியாதவர் தன்னோட குறியைப் போடுவார், அதுக்கு பேரு தற்குறி. பாவம், இன்னைக்கு அது ஒண்ணுந் தெரியாதவனைத் திட்டற வார்த்தை ஆயிடுச்சு, அன்னைக்கு அது ஆவணத்துல செல்லுபடி ஆகற அடையாளம்.

உத்தரமேரூர் கல்வெட்டு எல்லாருக்கும் தெரியும், குடவோலை தேர்தல்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். முதலாம் பராந்தகனோட 14-வது ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 921. அதோட கடைசி வரியை பாடப்புத்தகத்துல போடமாட்டாங்க. சபையில இருந்த பெருமக்கள் பணிக்க இந்த ஏற்பாட்டை எழுதினேன்னு மத்யஸ்தன், அதாவது சபைக்கு எழுத்து வேலை பார்த்தவர், ஒருத்தர் தன் பேரைப் போட்டிருக்கார், சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன்னு. வார்த்தை சபையோடது, கை என்னோடதுன்னு இதைவிட தெளிவா சொல்ல முடியாது.

அதே கல்வெட்டுல கணக்கு எழுதறவருக்கும் விதி இருக்கு. நேர்மையா சம்பாதிச்ச ஆளுதான் கணக்கு எழுதணும். எழுதின கணக்கை பெருமக்கள்கிட்ட காட்டி சரின்னு ஆகறவரைக்கும் மறுபடி அந்த வேலைக்கு வரக்கூடாது. தான் எழுதின கணக்கை தானே வந்து காட்டணும், இன்னொரு கணக்கனை விட்டு முடிச்சு வைக்கக் கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஆடிட் யோசனை இது. நம்ம மூணாவது கேள்விக்கு சபை கொடுத்த பதிலும் இதுதான்: எழுதின கைதான் பதில் சொல்லணும்.

ஏடு எழுதறவர்: பொறுப்பு இல்லாத கை

கோர்ட்டுக்கோ ராஜாவுக்கோ எழுதாம, இலக்கியத்தையும் வைத்திய நூலையும் பழைய ஓலையிலேர்ந்து புது ஓலைக்கு பிரதி பண்ணினவங்க இன்னொரு கூட்டம். ஓலைக்கு ஆயுசு அதிகபட்சம் சில நூறு வருஷம்தான், பூச்சி அரிச்சுடும், ஒடிஞ்சுடும், அதனால யாராவது உக்காந்து திரும்ப எழுதிக்கிட்டே இருக்கணும். இன்னைக்கு நம்ம கையில இருக்கற சங்க இலக்கியம் முழுக்க இப்படி பேரு தெரியாத கைங்க வழியா வந்ததுதான்.

இங்க தப்பு எப்படி வருதுன்னு பார்த்தா அது கவனக்குறைவு மட்டும் இல்ல, எழுத்துமுறையே அப்படி. ஓலையில பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டாங்க, எழுத்தாணி அழுத்தினா ஓலை பொத்துக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவத்துல வித்தியாசம் தெரியாது, அதனால ஓலையில ஒரு சொல் இருந்தா அது எரியா ஏரியா, கொடுவா கோடுவான்னு இடம் பார்த்துதான் முடிவு பண்ணணும். துணைக்கால் போடறதும் ர போடறதும் ஒரே மாதிரி இருக்கும். வீரமாமுனிவர் 18-ம் நூற்றாண்டுல குறில் நெடில் பிரிச்சுக் காட்டற குறிகளை கொண்டு வந்தது இந்தக் குழப்பத்துக்காகத்தான்.

ஆக ஏடு எழுதறவர் வெறும் நகல் மெஷினா இருக்க முடியாது, ஒவ்வொரு வரியிலயும் இது எரியா ஏரியான்னு மனசுக்குள்ள முடிவு எடுக்கணும். பொருள் தெரிஞ்சவர் எழுதினா ஒரு வகைத் தப்பு, தனக்குப் புரியற மாதிரி திருத்திடுவார். பொருள் தெரியாதவர் எழுதினா வேற வகை, ஆனா அவர் பார்த்த வடிவத்தையாவது அப்படியே வச்சிருப்பார். பதிப்பாளருக்கு ரெண்டாவது ஆளே மேல்னு சொல்லலாம், ஏன்னா புத்திசாலித்தனமா திருத்தின தப்பை பின்னாடி கண்டுபிடிக்கறது ரொம்ப கஷ்டம். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்"னு பழமொழியே இருக்கு. உ.வே.சாமிநாதையர் 1887-ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டு வர்றதுக்கு பல பிரதியை பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டதும், பாடபேதம்னு, அதாவது பிரதிக்குப் பிரதி வாசகம் மாறறதுன்னு, ஒரு விஷயமே நமக்கு இருக்கறதும் இந்த கைங்களாலதான்.

கம்பெனி ரைட்டர்: போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் வந்த பேரு

ஈஸ்ட் இந்தியா கம்பெனியில ரைட்டர்ங்கறது கடைநிலைப் பதவி. அதுக்கு மேல ஃபேக்டர், ஜூனியர் மெர்ச்சன்ட், சீனியர் மெர்ச்சன்ட்னு ஏறிப் போகணும். வேலை என்னன்னா கணக்கு எழுதறது, ஆலோசனைக் கூட்டத்து நடவடிக்கையை எழுதறது, அதையே பல பிரதி எடுத்து வேற வேற கப்பல்ல லண்டனுக்கு அனுப்பறது, ஒரு கப்பல் முழுகினாலும் இன்னொண்ணு போய் சேரணுமே. ராபர்ட் கிளைவ் 1744-ல மெட்ராஸ் வந்து இறங்கினது இந்த ரைட்டர் வேலைக்குத்தான், சம்பளம் வருஷத்துக்கு 5 பவுண்டு. அதுக்கு முன்னாடி 1672-ல வந்த எலிஹு யேலும் இதே எழுத்து வேலையில ஆரம்பிச்சு செயின்ட் ஜார்ஜ் கோட்டை கவர்னராவே ஆனவர், அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டி அவர் பேருலதான். கல்கத்தாவுல 1777-ல இவங்களுக்காக கட்ட ஆரம்பிச்ச ரைட்டர்ஸ் பில்டிங்தான் 2013 வரைக்கும் மேற்கு வங்க அரசோட தலைமைச் செயலகமா இருந்தது.

இந்த ரைட்டருங்களுக்கு உள்ளூர் பாஷை தெரியாது, அதனால உள்ளூர் எழுத்துக்காரங்க வேணும். அங்கதான் பாரசீகப் பேருங்க நமக்குள்ள வந்து கலந்தது.

முன்ஷி: அரபு வேர்ல பார்த்தா இது வாசகத்தை உருவாக்கறவர்னு பொருள், அதாவது முதல் வேலை செய்றவர். வட இந்தியாவுல இன்னைக்கு போலீஸ் ஸ்டேஷன்லயும் கடையிலயும் கணக்கு எழுதறவர். நம்ம பக்கம் பாஷை சொல்லிக் கொடுக்கறவர், தமிழ் முன்ஷின்னு பழைய ஸ்கூல்ல ஒரு பதவியே இருந்தது. 1812-ல செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஆரம்பிச்சப்ப இளம் அதிகாரிங்களுக்கு பாடம் எடுத்ததும் முன்ஷிங்கதான்.

குமாஸ்தா: பாரசீகத்துல நியமிக்கப்பட்டவர், அதாவது ஏஜென்ட். வங்காளத்துல 1753-லேர்ந்து கம்பெனி நெசவாளர்கிட்ட நேரா துணி வாங்க குமாஸ்தாக்களைப் போட்டுது, அங்க அவங்க அதிகாரம் காட்டின ஆளுங்க. நம்ம ஊர்ல அதே பேரு இறங்கி வக்கீல் குமாஸ்தா, கடை குமாஸ்தா ஆயிடுச்சு.

கணக்குப்பிள்ளை: இது நேர் எதிர் திசையில போன பேரு. தமிழ்லேர்ந்து கம்பெனி இங்கிலீஷுக்குள்ள கானிகோபொலின்னு உருமாறி ரெக்கார்டுல ஏறிச்சு. இலங்கை தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளைன்னா வேலைக்கு வந்தவங்களைக் குறிச்சு மேற்பார்வையும் பார்க்கறவர்.

கர்ணம்: கணக்கு எழுதறவருக்கு இருந்த கரணம்ங்கற பழைய பேரோட தொடர்ச்சி. கிராமத்து நிலக் கணக்கு, அடங்கல், சிட்டா எல்லாம் இவர் கையில. பரம்பரையா வந்த இந்த மாதிரி கிராம அதிகாரிப் பதவிகளை தமிழ்நாடு அரசு 1980-ல ஒழிச்சு வி.ஏ.ஓ.வைக் கொண்டு வந்தது. சும்மா எழுதிக் கொடுக்கறவர்தானேன்னு யாரும் கர்ணத்தை நினைச்சதில்ல, எந்த நிலம் யார் பேர்ல இருக்குங்கறது அவர் எழுதினாத்தான் உண்மை, அதனாலதான் ஊரே அவரைப் பார்த்து பயந்தது.

இப்ப ஸ்டேஷன் ரைட்டருக்கு வருவோம். ரைட்டர்ங்கறது ரேங்க் இல்ல, டூட்டி. வழக்கமா ஒரு ஹெட் கான்ஸ்டபிளோ சீனியர் கான்ஸ்டபிளோ பார்ப்பார். பொது நாட்குறிப்பு, கேஸ் கட்டு, கோர்ட்டுக்கு போற பேப்பர் எல்லாம் அவர் வழியாத்தான் போகும், ஸ்டேஷன்ல அவருக்கு இருக்கற செல்வாக்கே அதனாலதான்.

பின்விளைவு: எங்கெல்லாம் இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும்?

1. எஃப்.ஐ.ஆர்.

2024 ஜூலை 1-லேர்ந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு பதிலா பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்தாச்சு, அதுல 173-வது பிரிவு. நீங்க வாயால புகார் சொன்னா ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி எழுதணும், இல்லன்னா அவர் சொல்லி இன்னொருத்தர் எழுதணும், அந்த இன்னொருத்தர்தான் நடைமுறையில ரைட்டர். எழுதினதை உங்களுக்கு படிச்சுக் காட்டணும், அப்புறம்தான் கையெழுத்து, காப்பி இலவசமா கொடுக்கணும். வார்த்தை உங்களோடது, கை ரைட்டரோடது, பொறுப்பு அதிகாரியோடது. ஆனா கையெழுத்து போட்டதும் அந்த வாசகம் உங்க வாசகம். "நான் அப்படி சொல்லல, ரைட்டர் அப்படி எழுதிட்டார்"னு பின்னாடி கோர்ட்ல சொன்னா குறுக்கு விசாரணையில படாத பாடு படணும். நேரமும் பேரும் இடமும் மாறியிருக்கான்னு கையெழுத்துக்கு முன்னாடி பாருங்க.

2. பத்திரம்

சுத்த கிரயப் பத்திரத்துல "எழுதிக் கொடுப்பவர்", "எழுதி வாங்குபவர்"னு ரெண்டு பேரு இருப்பாங்க. ரெண்டு பேருமே ஒரு எழுத்தும் எழுதியிருக்கமாட்டாங்க! எழுதினது பத்திர எழுத்தர், அவர் பேரும் லைசென்ஸ் நம்பரும் கடைசியில ஓரமா இருக்கும். இங்க எழுதிக் கொடுக்கறதுன்னா உரிமையை விட்டுக் கொடுக்கறது. "சொத்தை பெரிய பையன் பேர்ல எழுதி வச்சிட்டாரு"ன்னு ஊர்ல சொல்றதும் இதே அர்த்தம்தான். எழுத்தர் சர்வே நம்பரையோ செக்குபந்தியையோ (நாலு பக்க எல்லை) மாத்திப் போட்டுட்டா அதை சரி பண்றது அவரால முடியாது, எழுதிக் கொடுத்தவர் திரும்ப வந்து பிழைத்திருத்தல் பத்திரத்துல கையெழுத்து போடணும். அதுக்குள்ள அவர் இறந்துட்டா வாரிசுங்க பின்னாடி அலையணும். ஃபீஸ் வாங்கினவர் ஒருத்தர், அவதிப்படறவர் இன்னொருத்தர்.

3. உயில்

இதுதான் ரொம்ப பேருக்கு தெரியாத இடம். 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-வது பிரிவுப்படி உயிலுக்கு குறைஞ்சது ரெண்டு சாட்சி வேணும். உயில் எழுதி வைக்கறவர் கையெழுத்து போட்டதைப் பார்த்து, அல்லது அவர் வாயாலயே இது என் கையெழுத்துன்னு கேட்டு, அவர் முன்னாடி அவங்க கையெழுத்து போடணும். நடைமுறையில என்ன ஆகுதுன்னா ஒரு சாட்சி இருப்பார், கீழ எழுத்தர் "எழுதியவர்"னு போட்டு கையெழுத்து போட்டிருப்பார், மொத்தம் ரெண்டு கையெழுத்து இருக்கேன்னு குடும்பம் நிம்மதியா இருக்கும். செல்லாது. 2001-ல சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுலேர்ந்து போன ஒரு வழக்குல இதைப் பத்தி தெளிவா சொல்லியிருக்கு: எழுதினவர்ங்கற முறையில போட்ட கையெழுத்து சாட்சிக் கையெழுத்து ஆகிடாது, சாட்சியா நிக்கணும்ங்கற எண்ணத்தோட போட்டிருக்கணும். சோழர் காலத்துல "இவை என் எழுத்து"ன்னு ஒரே சொல்லுக்குள்ள இருந்த ரெண்டு விஷயத்தை இங்க சட்டம் தனித்தனியா பிரிச்சிடுது. உயில் எழுதறப்ப எழுத்தரை விட்டுட்டு தனியா ரெண்டு பேரை சாட்சிக்கு வச்சுக்கங்க, கொஞ்சம் வயசு கம்மியான ஆளுங்களா இருந்தா இன்னும் நல்லது, பின்னாடி கோர்ட்ல வந்து சொல்றதுக்கு ஒருத்தராவது உயிரோட இருக்கணும்.

4. கோர்ட் நகல்

கோர்ட்ல நகல் மனு போட்டா காப்பிஸ்ட் பிரதி எடுப்பார், எக்ஸாமினர் மூலத்தோட ஒப்பிட்டு பார்ப்பார், அப்புறம் அதிகாரி சான்று கொடுத்து கையெழுத்து போடுவார். திருமந்திர ஓலையும் ஓலை நாயகமும் இன்னும் ரிட்டையர் ஆகல. சான்றிட்ட நகலை கோர்ட் மூலத்துக்கு சமமா ஏத்துக்கறது காப்பிஸ்ட்டோட கையை நம்பி இல்ல, இந்த ஒப்பிட்ட கையை நம்பித்தான். அந்த நகல்ல ஒரு சீல் இருக்கும், மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டின தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதின்னு வரிசையா. யாரும் அதைப் படிக்கறதில்ல, ஆனா அப்பீலுக்கு உயிரே அதுலதான் இருக்கு. 1963-ம் வருஷத்து காலவரையறைச் சட்டம் 12-வது பிரிவுல, நகல் வாங்க தேவைப்பட்ட காலத்தை அப்பீல் கெடுவிலேர்ந்து கழிச்சுக்கலாம்னு இருக்கு. மாவட்ட நீதிமன்றத்துல 30 நாள் கெடுன்னா, காப்பிஸ்ட் செக்ஷன்ல நகல் தயாராக எடுத்த நாள் கணக்குல வராது. ஆனா ஸ்டாம்ப் கட்டச் சொல்லியும் நீங்க மெதுவா கட்டினா அந்த தாமதம் உங்க கணக்கு.

5. பரீட்சை ஸ்க்ரைப்

சொல்வதை எழுதுபவர்னு தமிழ்ல சொல்றோம், இந்த ஒரு பேருதான் வேலையை ஒளிக்காம சொல்லுது. பார்வை இல்லாதவங்க, கை இயங்காதவங்க சொல்றதை இவர் எழுதணும், தன்னோட அறிவைச் சேர்க்கக் கூடாது. 2018 ஆகஸ்ட்ல மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்கு குறைஞ்சது 20 நிமிஷம் கூடுதல் நேரமும் கிடைச்சது. முதல்ல இந்த வசதி 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம்னு சர்டிஃபிகேட் இருக்கறவங்களுக்குத்தான்னு பிடிவாதமா இருந்தாங்க. எழுதறப்ப மட்டும் விரல் இறுகிப் போற நோய் இருந்த ஒருத்தருக்கு யு.பி.எஸ்.சி. ஸ்க்ரைப் தரமாட்டேன்னுது, அந்த நோய்க்கு டாக்டருங்க வச்ச பேரே ரைட்டர்ஸ் கிராம்ப். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2021 பிப்ரவரியில வந்த தீர்ப்புல 40 சதவீதம்ங்கற கோட்டை இதுக்கு அளவுகோலா வைக்க முடியாது, எழுத சிரமப்படறவருக்கு ஸ்க்ரைப் கொடுக்கணும்னு சொல்லிட்டாங்க. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்ட்ல 40 சதவீதத்துக்கு கீழ இருக்கறவங்களுக்கும் தனியா வழிகாட்டுதல் வந்தது, மருத்துவ அதிகாரி கொடுக்கற சர்டிஃபிகேட் வேணும். ஸ்க்ரைப் தப்பா எழுதிட்டாலும் மார்க் போறது மாணவருக்குத்தான், அதனால பரீட்சைக்கு முன்னாடியே ஸ்க்ரைப்பைப் பார்த்துப் பேசிக்கறதுக்கு நேரம் கொடுக்கணும்னு அந்த 2018 வழிகாட்டுதல்லயே சொல்லியிருந்தாங்க. பல பேரு அதைக் கேட்டு வாங்கறதே இல்ல.